ஒரு வைஃபை சில்லும் நம் சுதந்திரமும்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில், 1980ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் அன்பளிப்பாக வழங்கிய லேசர் பிரிண்டர் ஒன்று அடிக்கடி காகிதம் சிக்கி நின்றுவிடும் சுபாவம் உடையதாயிருந்தது. அதற்கு முன்பு அங்கிருந்த பிரிண்டர் நின்றுபோனால், அச்சுக்குக் காத்திருப்போரின் திரைகளில் உடனே ஓர் அறிவிப்புத் தோன்றும்படி அதன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதிய பிரிண்டருக்கும் அவ்வாறே செய்ய விரும்பி, அதன் மூலநிரலைத் தேடி, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் சென்று கேட்டபோது, யாருக்கும் கொடுப்பதில்லை என்று தாம் வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஒரு சிறு உபகாரத்தை மறுக்கும்படி ஒரு மனிதரைக் கட்டிவைத்த அந்த ஒப்பந்தம் ஸ்டால்மனின் மனத்தில் ஆழமாகத் தைத்தது. 1983 செப்டம்பர் 27 அன்று அவர் அறிவித்த குனு திட்டத்துக்கும், அதிலிருந்து வளர்ந்து இன்று உலகெங்கும் விரிந்திருக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் விதையாக நின்றவற்றுள் அந்த நிகழ்ச்சி முக்கியமானது.

கையில் இருக்கும் ஒரு சாதனத்தை இயக்கும் நிரல் யாருடைய வசத்தில் இருக்கிறது என்ற அந்தக் கேள்வி, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தீர்ந்துபோகவில்லை. சென்ற மாதம் எங்கள் திருவண்ணாமலையில், என் அக்காள் வீட்டுத் திண்ணையில், அதே கேள்வி ஒரு பழைய மடிக்கணினியின் வடிவத்தில் என் முன்னே வந்து உட்கார்ந்தது. அக்காள் மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் அளித்த கணினி அது. அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிச் சென்றபின் பரண்மேல் கிடந்ததை, இப்போது அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் அவளுடைய தம்பி எடுத்துத் தூசி தட்டி, டெபியன் லினக்ஸைப் புதிதாக நிறுவியிருந்தான்.

“மாமா, எல்லாம் நல்லாத்தான் ஓடுது. வைஃபை மட்டும் காட்டவே மாட்டேங்குது. கடையில கேட்டா, லினக்ஸ்ல அப்படித்தான் இருக்கும், விண்டோஸ் போட்டுக்கோன்னு சொல்றாங்க” என்றான்.

“அவசரப்படாதே மாப்ளே, உள்ளே இருக்கிறது என்ன சில்லுன்னு முதல்ல பார்த்துடுவோம்” என்றேன்.

இந்தக் கணினிகளின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர்வது நல்லது. 2011 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, எல்காட் நிறுவனத்தின் மூலம் வாங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸோடு கூட பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் முதலான இந்திய மொழிகளில் பழகுவதற்கு வசதி செய்யப்பட்ட இயங்குதளம். கிராமத்துக் குடிசைகளிலும் நகரத்துச் சந்துகளிலும் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குக் கட்டற்ற மென்பொருள் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது நம் மாநிலத்தின் பெருமைக்குரிய காரியம் என்பதே என் அபிப்பிராயம். அந்தப் பெருமை முழுமை பெறுவதும் குறைபட்டு நிற்பதும், கணினிக்குள் விரல்நகத்தளவே இருக்கும் கம்பியில்லாத் தொடர்புச் சில்லைப் பொறுத்தது என்பதைத்தான் இந்த நீண்ட கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

வைஃபை கிட்டாத லினக்ஸ் கணினியை வைத்துக்கொண்டு திகைக்கும் அன்பர்கள் முதலில் அறியவேண்டிய உபாயம் ஒன்று உண்டு. வைஃபையைச் சரிசெய்வதற்கு வேண்டிய கோப்புகளை இறக்குவதற்கே இணையம் அவசியமாகிறது. அந்த இணையத்துக்கு வைஃபை அவசியமாகிறது. இந்தச் சுழலில் சிக்கித்தான் பலர் மனம் சோர்ந்து கைவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியைச் சாதாரண சார்ஜர் கம்பியால் கணினியோடு பிணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி வலையமைப்பாகவே ஏற்றுக்கொண்டு, வேறெந்த முன்னேற்பாடும் கேளாமல் உடனே இணையத்தோடு சேர்ந்துவிடும். அவ்வாறு சேர்த்துக்கொண்ட பிறகு நிதானமாகவும் கிரமமாகவும் விசாரணையைத் தொடங்கலாம். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியத்தைப் போல, எங்கோ படித்த கட்டளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்ப்பதால் நோய் தீர்வதில்லை.

விசாரணையின் முதற்படி, சில்லைக் கணினி கண்டுகொள்கிறதா என்பது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -nn என்ற கட்டளையும், யுஎஸ்பி வழி இணைந்த சாதனமாயின் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையும், உள்ளிருக்கும் சாதனங்களின் பட்டியலைக் கொடுக்கும். அவற்றுள் வைஃபை சில்லுக்கு உரிய வரியில், நான்கு நான்கு குறிகள் கொண்ட இரண்டு அடையாளங்களைக் காணலாம். முதலாவது தயாரித்தவரையும், இரண்டாவது சில்லின் வகையையும் குறிப்பன. கணினியின் மேலே ஒட்டியிருக்கும் பெயரும், பெட்டியின் மேல் அச்சிட்ட வர்ணனைகளும் இந்த விஷயத்தில் சற்றும் உதவா. ஒரே மாதிரிக் கணினியில் ஓராண்டு ஒரு சில்லும் மறு ஆண்டு வேறொரு சில்லும் வைத்து விற்பது வியாபார உலகில் சகஜம். அந்த இரண்டு அடையாளங்களே நம் தேடலுக்கு உண்மையான முகவரி.

இரண்டாவது படி, ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஆர்எஃப்கில் என்னும் கட்டளை இதற்கு விடை தரும். அது காட்டும் தடை இருவகைப்படும்: மென்பொருளால் விதிக்கப்பட்டது ஒன்று, பொத்தானாலோ விளிம்பிலுள்ள சிறு சுவிட்சாலோ விதிக்கப்பட்டது மற்றொன்று. முன்னதைக் கட்டளையால் நீக்கலாம். பின்னதைக் கையால்தான் நீக்கவேண்டும். பத்தாண்டுக்கு முற்பட்ட மடிக்கணினிகளில் இந்தச் சுவிட்ச் பெரும்பாலும் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ அமைந்திருப்பதால், பையில் வைத்து எடுக்கும்போது தானாகவே நகர்ந்துவிடுவதும் உண்டு. மருமகனின் கணினியில் இவ்விரண்டு படிகளும் குறையின்றி நிறைவேறின; சில்லு தென்பட்டது, தடையும் இல்லை.

மூன்றாவது படி, சில்லை இயக்க இயங்குதளத்துக்கு உதவும் நிரலான டிரைவரைப் பற்றியது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வைஃபைக்கென்று எம்ஏசி80211 என்னும் பொதுவான அடித்தளம் 2007ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த 2.6.22 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு சில்லுக்கும் ஒவ்வொரு விதமான டிரைவர், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான குறை என்றிருந்த நிலைமை மாறி, பெரும்பாலான டிரைவர்களுக்குப் பொதுவான வேலைகளை ஒரே இடத்தில் செம்மையாகச் செய்யும் வழி அதனால் பிறந்தது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட டிரைவரையே லினக்ஸில் பொருத்தி ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் போன்ற சாதனங்களை நாடி அல்லற்பட்ட காலம் பெரும்பாலும் கடந்துபோய்விட்டது. இன்று நாம் காணும் வைஃபை சில்லுகளில் மிகப் பலவற்றுக்கு டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் கணினியிலும் அது இருந்தது; இருந்தும் வலையமைப்பு ஒன்றும் தென்படவில்லை.

இந்த இடத்தில்தான் நான்காவது படியும், இந்த விஷயத்தின் உயிர்நாடியும் இருக்கின்றன. கர்னல் தன் அனுபவங்களையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பேட்டை டிமெசேஜ் என்னும் கட்டளையால் திறந்து பார்த்தபோது, இன்ன பெயருடைய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை என்ற பொருள்பட ஒரு வரி அங்கே தெளிவாக இருந்தது. ஃபர்ம்வேர் என்பது சில்லுக்குள்ளேயே ஓடும் நிரல். தற்காலத்து வைஃபை சில்லுகள் பலவற்றுள் ஒரு சிறிய செயலி தனியாக இருக்கிறது. அலைகளை எப்போது அனுப்புவது, எப்போது காத்திருப்பது என்ற நுட்பமான காலக் கணக்கையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய நிரலை, கணினி விழித்தெழும் ஒவ்வொரு முறையும் டிரைவர் கொண்டுபோய் ஊட்டவேண்டும். டிரைவரின் மூலநிரல் உலகறியத் திறந்திருந்தாலும், இந்த ஃபர்ம்வேரின் மூலநிரலை நிறுவனங்கள் பெரும்பாலும் ரகசியமாகவே வைத்துக்கொள்கின்றன.

அந்தக் கோப்பு எங்கள் கணினிக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதற்குக் காரணம் டெபியனின் கொள்கை உறுதியில் இருக்கிறது. தான் வழங்கும் இயங்குதளம் முழுவதும் கட்டற்றதாகவே இருக்கும் என்று சமூகத்துக்கு வாக்களித்திருந்த டெபியன், 2011 பிப்ரவரியில் வெளிவந்த தன் ஆறாம் பதிப்பில், மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேர்களைக் கர்னலிலிருந்து பிரித்து ஒதுக்கி வைத்தது. கொள்கை தூய்மையானதே, ஆனால், நிறுவும்போதே வலையமைப்பு கிட்டாமல் புதியவர்கள் தத்தளித்தார்கள் என்பதும் உண்மையே. ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதங்களுக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டில் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, அத்தகைய ஃபர்ம்வேர்களை நிறுவல் தட்டிலேயே சேர்த்துத் தருவது என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அவற்றுக்கென்றே ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது. மருமகன் யாரிடமோ இரவல் வாங்கியிருந்த நிறுவல் தட்டு அதற்கு முந்திய பதிப்பு.

ஒரு கோப்பை இறக்கிக் கணினியை மறுபடி தொடக்கியதும் காரியம் முடிந்துவிட்டது என்று இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட என் மனம் ஒப்பவில்லை. இத்தகைய கோப்புகளைக் கேட்கும் டிரைவர்கள்கூட நமக்கு எளிதில் கிடைத்தவையல்ல. அமெரிக்காவின் பிராட்காம் நிறுவனம் தன் சில்லுகளைப் பற்றிய ஆவணங்களை வெளியிடாதிருந்த காலத்தில், தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தார்கள்: ஒரு குழுவினர் அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சில்லின் நடத்தையை மட்டும் விவரித்து எழுதிவைக்க, அந்த மூடிய நிரலைக் கண்ணால் காணாத மற்றொரு குழுவினர், அவ்விவரணத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு புதிய டிரைவரை எழுதினார்கள். ஒருவரது நிரலைத் திருடினார்கள் என்ற பழி எந்த நாளும் வந்துவிடாதபடி இத்தனை நேர்மையோடும் பிரயாசையோடும் செய்யப்பட்ட அந்த டிரைவர், 2006 ஜூனில் கர்னலின் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது. அதன் வழித்தோன்றலான பி43 இன்றும் பழைய கணினிகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டில் இத்தாலியின் பிரேசியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒருபடி மேலே சென்று, அந்தச் சில்லுகளுள் சிலவற்றுக்குக் கட்டற்ற ஃபர்ம்வேரையே எழுதி வெளியிட்டார்கள். 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமும் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வழங்க முன்வந்தது.

ஏதெரோஸ் நிறுவனத்தின் சரித்திரம் இதைவிட மகிழ்ச்சி தருவது. அதன் சில்லுகளை இயக்கிய மேட்வைஃபை டிரைவரில் ஒரு பகுதி மூடியதாயிருந்தபோது, ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தைச் சேர்ந்த ரைக் ஃப்ளோட்டர் அப்பகுதிக்கு மாற்றாகத் திறந்த நிரலை எழுதினார். 2008 ஜூலையில் அந்நிறுவனமே ஏடிஎச்9கே என்ற முழுமையான திறந்த டிரைவரை வெளியிட்டது. அதனால் இயங்கும் உட்பொருத்து சில்லுகளுக்கு, வெளியிலிருந்து ஊட்டவேண்டிய ஃபர்ம்வேரே கிடையாது. அதே குடும்பத்தின் யுஎஸ்பி சில்லான ஏஆர்9271க்கு ஃபர்ம்வேர் வேண்டும். அதன் மூலநிரலும் 2013ஆம் ஆண்டில் உலகத்துக்கு அளிக்கப்பட்டது. டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டையும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் நமக்கு முழு உரிமை உள்ள வைஃபை சாதனம் வேண்டுமென்று கேட்போருக்கு நான் முதலில் சொல்வது அந்த எண்ணைத்தான். வேகத்தில் அது இன்றைய சாதனங்களுக்கு ஈடாகாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசும். பாடம் கேட்பதற்கும் படிப்பதற்கும் எழுதுவதற்கும் அது தாராளமாகப் போதும்.

மருமகனின் விஷயத்தில் மூடிய வழி, திறந்த வழி இரண்டையும் கையாண்டோம். மறுநாள் அவனுக்குக் கல்லூரியில் ஒப்படைக்கவேண்டிய வேலை இருந்ததால், கைபேசிக் கம்பிவழி இணையத்தைக் கொண்டு மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேரை அப்போதே நிறுவினோம். படிப்பைக் காக்கவைத்து ஒரு கொள்கையைக் காப்பாற்றும்படி ஒரு மாணவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிறகு ஏஆர்9271 சில்லுள்ள சிறு யுஎஸ்பி சாதனம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டுக்கும் உள்ள பேதத்தை அவனே உணரவேண்டும் என்பது என் ஆசை. ஒன்றில் தவறு நேர்ந்தால் நிறுவனம் மனமிரங்கித் திருத்தும்வரை உலகமே காத்திருக்கவேண்டும். மற்றதில், திருத்தத் தெரிந்தவர் எந்த நாட்டில் இருந்தாலும் திருத்தலாம், தெரியாதவரும் கற்றுக்கொண்டு முயலலாம். பத்தாண்டு கடந்த கணினிக்கு இந்த பேதமே ஆயுளை நிர்ணயிக்கிறது. ஏனெனில், விற்று முடித்த பழைய சில்லின்மேல் நிறுவனத்தின் கவனம் நீடிப்பதில்லை.

ஃபர்ம்வேர் அமைந்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. அண்டை வீடுகளின் வலையமைப்புகளெல்லாம் திரையில் தோன்ற, அக்காள் வீட்டு ரௌட்டர் மட்டும் காணப்படவில்லை. இது ஐந்தாவது படி. இதில் பௌதிகமும் சட்டமும் கலந்திருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அமெரிக்கச் சந்தைக்கென்று குறித்து வைக்கப்பட்ட சில்லு, நாம் எந்த ஊரில் இருந்தாலும் 12ஐயும் 13ஐயும் ஏறெடுத்துப் பாராது. அக்காள் வீட்டு ரௌட்டரோ, நெரிசல் குறைந்த இடத்தைத் தானே தேடி 13இல் போய் அமர்ந்திருந்தது. அதை 11க்கு மாற்றிய உடனே கணினி கண்டுகொண்டது. சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதால், 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி இயங்கக் கூடியவை. அம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே எக்காலத்துக்கும் உத்தமம்.

இந்த அலைவரிசையை உரிமம் பெறாமல் நாம் உபயோகிப்பதும் தானாக வந்த பாக்கியமன்று. கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு அவ்வுரிமத்திலிருந்து விலக்கு அளித்த பிறகே, வீட்டுக்கு வீடு வைஃபை வைத்துக்கொள்வது இங்கே நியாயமான உரிமையாயிற்று. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விலக்கு விரிவாக்கப்பட்டது.

எங்கள் ஊரில் அந்த உரிமையை எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் அனுபவிக்க நேர்வதையும் சொல்லவேண்டும். மாடவீதிகளை ஒட்டி விடுதிகளும் கடைகளும் தோளோடு தோள் நெருங்கி நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு ரௌட்டர் பேசிக்கொண்டிருக்கிறது. பௌர்ணமி இரவுகளில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கும்போது, அவர்களுடைய கைபேசிகளின் ஹாட்ஸ்பாட்டுகளும் அதே குறுகிய அலைவரிசையில் வந்து சேருகின்றன. நீர் நிறைந்த மனித உடலும் இந்த அலைகளை உறிஞ்சும் தன்மையது. அக்காள் வீடு போன்ற பழைய வீடுகளின் கனத்த சுவர்களையும் கருங்கல் தூண்களையும் கடந்து வருவதில் 2.4ஐவிட 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் அதிகமாகத் தளர்ந்துபோகிறது; ஆனால், அதில் நெரிசல் குறைவு. ஆகவே, ரௌட்டர் உள்ள அறையிலேயே அமர்ந்து வேலை செய்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் உகந்தது. இரண்டு அறை தள்ளி அமர்பவருக்கு 2.4 தான் கதி. இணைப்பு அடிக்கடி அறுந்தால், டிரைவரைக் குறை கூறுவதற்கு முன்பு ரௌட்டரை உயரத்தில், நடு அறையில், இரும்பு அலமாரிக்கு அப்பால் வைத்துப் பாருங்கள்.

இனி, நான் சொல்ல வந்த பிரதான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத்து வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்தது. செயலியின் வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் கொள்முதல் விவரத்தில் சிரத்தையோடு எழுதும் அதிகாரிகளை நான் மிகுந்த பணிவோடு வேண்டிக்கொள்வது, அதில் இன்னும் ஒரு வரியைச் சேருங்கள் என்பதே: வைஃபை சில்லின் டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கவேண்டும், அதன் ஃபர்ம்வேர் திறந்ததாக, அல்லது குறைந்தபட்சம் யாரும் தடையின்றிப் பகிரக் கூடியதாக இருக்கவேண்டும். ஒரு தனி மனிதன் கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்க்கமாட்டா; லட்சக்கணக்கில் வாங்கும் அரசாங்கம் கேட்டால் மறுக்கமாட்டா. ஒரு வரியில் அடங்கும் அந்த நிபந்தனை, இன்றைக்கு முதலாண்டு மாணவியின் கையிலிருக்கும் கணினியைப் பத்தாண்டு கழித்து அவள் தம்பிக்கும் பயன்படச் செய்யும்.

கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மனம் தளர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலும், காஞ்சிபுரத்திலும், சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 1998 முதல் இயங்கிவரும் சென்னைக் குழுவைப் போன்றவை, கேட்பவர் யாரென்று பாராமல் சந்தேகம் தீர்த்துவைக்கும் பழக்கத்தைத் தலைமுறையாகக் காத்துவருகின்றன. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழில் இவ்விஷயங்களைத் தமிழிலேயே படிக்கலாம். உங்கள் சில்லின் அந்த இரண்டு அடையாளங்களையும், டிமெசேஜில் கண்ட வரியையும் எழுதிக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். பதில் கிடைத்த பிறகு, அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மூலநிரலைக் கொடுக்க மறுத்த ஒரு வாக்குறுதிக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் இது. அறிந்ததைக் கொடுப்பவர்களால்தான் அது இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது.